பரிசு பெற்ற படமும் பழிக்கும் நாவும்

முஸ்லிம் நாடு ஒன்றிலிருந்து வந்த திரைப்படம் மேலைநாட்டு விழாவில் பரிசு பெற்றுவிட்டதாகச் செய்தி வந்தால், நம்மவரிடையே உடனே ஒரு தீர்ப்பு எழுந்துவிடுகிறது. "தன் சமுதாயத்தைத் தானே இழித்துக் காட்டியிருப்பான், அதனால்தான் வெள்ளைக்காரன் பரிசைத் தூக்கிக் கொடுத்திருக்கிறான்" என்பதே அத்தீர்ப்பு. படம் எது, எடுத்தவர் யார், அதனுள் என்ன இருக்கிறது என்னும் வினாக்களுக்கு அங்கே இடமில்லை. நிக்காஹ் பந்தியிலும், தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து பேசும் வேளையிலும், மேல்முறையீடற்ற தீர்ப்பாக அது வழங்கப்படுகிறது. அத்தீர்ப்பு பிழையானது, பிழையானது மட்டுமன்று, நம் பிள்ளைகளுக்கே கேடு விளைவிப்பது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். உருவப்படமே ஆகாது என்று கருதி, பேணுதலோடு அனைத்துத் திரைப்படங்களிலிருந்தும் விலகி நிற்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. அவர்கள் தங்கள் கொள்கைக்கு உண்மையாக நடப்பவர்கள். அவர்களை நான் மதிக்கிறேன். என் வழக்கு மற்றவர்களோடு. கூடத்தில் மாலை முதல் நள்ளிரவு வரை தொடர் நாடகங்களை ஓடவிட்டு, மாமியாரைக் கவிழ்க்க மருமகளும் மருமகளைக் கவிழ்க்க மாமியாரும் தீட்டும் சதிகளைக் குழந்தை குட்டிகளோடு கண்டு களித்துவிட்டு, ஈரானியப் படம் என்றதும் மட்டும் "அது நமக்கு ஆகாது" என்று முகம் சுளிப்பவர்களோடுதான் என் வழக்கு. பார்ப்பதில் அவர்களுக்குத் தடையில்லை. நல்லதைப் பார்ப்பதில்தான் தடையிருக்கிறது.

இனி, அவர்கள் தீர்ப்பைச் சான்றுகளோடு சோதித்துப் பார்ப்போம்.

2011-ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் படம் முதற்பரிசாகிய தங்கக் கரடியைப் பெற்றது. நடித்த ஆடவர் குழுவுக்கும் பெண்டிர் குழுவுக்கும் வெள்ளிக் கரடிகள் கிடைத்தன. மறு ஆண்டு ஆஸ்கர் விருதும் அதற்கே சென்றது. ஈரானுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் அது. பாரசீகத்தில் 'ஸீமினிடமிருந்து நாதிரின் பிரிவு' என்று பொருள்படும் பெயருடைய அப்படத்தை உலகம் 'எ செப்பரேஷன்' என்று அறியும். இவ்வளவு புகழும் எதற்காகக் கிடைத்தன? இஸ்லாத்தைப் பழித்ததற்காகவா?

கதையைக் கேளுங்கள். தெஹ்ரான் நகரில் நடுத்தர வர்க்கத்துக் கணவன் மனைவி. மகளின் எதிர்காலத்துக்காக வெளிநாடு செல்ல வேண்டும் என்கிறாள் மனைவி. நினைவிழந்து கிடக்கும் தந்தையை விட்டு வர இயலாது என்கிறான் கணவன். மனைவி தாய்வீடு செல்ல, முதியவரைக் கவனித்துக்கொள்ள ராஸியா என்னும் ஏழைப் பெண் வேலைக்கு வருகிறாள். அவள் கருவுற்றிருக்கிறாள். முதியவர் தம்மையறியாமல் ஆடையை அசுத்தப்படுத்திவிடுகிறார். அந்நிய ஆடவரின் ஆடையை மாற்றிவிடுவது தனக்கு ஆகுமா என்று அவள் திகைக்கிறாள். மார்க்கச் சட்டம் சொல்லும் இடத்துக்குத் தொலைபேசியில் பேசி விளக்கம் கேட்ட பிறகே அப்பணியைச் செய்கிறாள். மேலைநாட்டுப் பார்வையாளர் கூட்டம் இக்காட்சியைக் கண்டு சிரிக்கும்படி அது எடுக்கப்படவில்லை. ஓர் ஏழைப் பெண்ணின் அச்சமும் கண்ணியமும் நெஞ்சில் தைக்கும்படியே எடுக்கப்பட்டிருக்கிறது.

பின்னர் ஒரு நாள் சச்சரவில் நாதிர் அவளை வாசலுக்கு வெளியே தள்ளிவிடுகிறான். அவள் கரு கலைகிறது. வழக்கு நீதிமன்றம் செல்கிறது. இரு தரப்பிலும் பொய்கள் முளைக்கின்றன. தந்தையைக் காப்பதற்காக நாதிரின் மகளும் பொய் சொல்ல நேர்கிறது. முடிவில் இழப்பீட்டுத் தொகை கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள நாதிர் இசைகிறான். ஆனால் ஒரு நிபந்தனை விதிக்கிறான். தன் கரு கலைந்தது நாதிர் தள்ளியதனால்தான் என்று ராஸியா குர்ஆன்மீது கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும்.

அவள் வீடு கடனில் மூழ்கிக் கிடக்கிறது. கடன்காரர்கள் அந்த அறையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். ஒரு சொல் சொன்னால் பணம் கிடைக்கும். ஆனால் முந்திய நாளே வாகனம் ஒன்று தன்மீது மோதியதையும், அன்றிரவே வலி கண்டதையும் அவள் அறிவாள். உள்ளத்தில் ஐயம் இருக்கையில் அல்லாஹ்வின் வேதத்தின்மீது சத்தியம் செய்ய அவள் கை எழவில்லை. கணவன் கதறுகிறான், தன்னைத் தானே அடித்துக்கொண்டு வெளியே ஓடுகிறான். அவள் சத்தியம் செய்யவில்லை. பணம் போயிற்று, ஈமான் நின்றது.

அன்பர்களே, இதுவா சமுதாயத்தைப் பழிக்கும் படம்? படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் தத்தம் தேவைக்கேற்ப உண்மையை வளைத்துக்கொண்டிருக்க, பர்தாவுக்குள் நிற்கும் ஏழை முஸ்லிம் பெண் ஒருத்தி மட்டும் இறையச்சத்தால் உண்மையின் பக்கம் நின்றாள் என்பதே இப்படத்தின் உயிர்நாடி. அந்த உயிர்நாடியைத்தான் பெர்லின் நகரம் எழுந்து நின்று வரவேற்றது. நம் ஊர் மேடைகளில் ஆண்டுக்கணக்கில் தக்வாவைப் பற்றிப் பேசுகிறோம். அதை இரண்டு மணி நேரத்தில் அந்நியர் நெஞ்சிலும் பதியவைத்த ஒருவரை, பார்க்காமலேயே துரோகி என்கிறோம்.

இன்னொரு படத்தைக் கருதுவோம். மஜீத் மஜீதி 1997-இல் எடுத்த 'சுவர்க்கத்தின் குழந்தைகள்' அவ்வாண்டு மான்ட்ரியால் விழாவில் தலைமைப் பரிசு பெற்றது. 1999-இல் ஆஸ்கர் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. தங்கையின் செருப்பைத் தொலைத்துவிட்ட அண்ணன். புதியது வாங்கக் காசில்லாத தந்தை. காலையில் பள்ளி செல்லும் தங்கையும் பிற்பகலில் பள்ளி செல்லும் அண்ணனும் ஒரே சோடிக் காலணியை மாற்றி மாற்றி அணிந்து ஓடுகிறார்கள். கதை இவ்வளவுதான்.

அதில் ஒரு காட்சி. பள்ளிவாசலில் நடைபெறும் மஜ்லிஸுக்குரிய சர்க்கரைக் கட்டிகளைத் தந்தை வீட்டில் அமர்ந்து உடைத்துக்கொண்டிருக்கிறார். மகள் தேநீர் கொண்டுவருகிறாள். சர்க்கரை எங்கே என்கிறார் தந்தை. இதோ, இவ்வளவு இருக்கிறதே என்று அவர் முன் குவிந்து கிடப்பதைச் சுட்டுகிறாள் சிறுமி. அது பள்ளிவாசலுக்குரியது என்று மறுத்துவிடுகிறார் அவர். வாடகை பாக்கி வைத்திருக்கும் ஏழை, பள்ளிவாசல் சர்க்கரையில் ஒரு சிறு கட்டியையும் தொடமாட்டேன் என்கிறார். அமானிதம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்தப் பாடநூலில் இருக்கிறது? வக்ஃபுச் சொத்தைத் தம் சொத்தாகக் கருதுபவர்கள் உள்ள சமுதாயத்தில், பிள்ளைகளோடு பெரியவர்களும் பார்க்க வேண்டிய காட்சியன்றோ அது?

இன்னொரு காட்சி. தொலைந்த தன் செருப்பை வேறொரு சிறுமி அணிந்திருப்பதைத் தங்கை கண்டுவிடுகிறாள். அண்ணனும் தங்கையும் அவளைப் பின்தொடர்ந்து வீடுவரை செல்கிறார்கள். அச்சிறுமியின் தந்தை பார்வையற்றவர். அதைக் கண்டதும் இருவரும் ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். பிறர் துன்பம் கண்டு தன் உரிமையை விட்டுக்கொடுப்பதை இதைவிட எளிமையாக யார் சொல்லிக்கொடுப்பார்? இக்கதையின் அருமையை அறிந்து 2010-இல் இந்தியிலும் 2022-இல் 'அக்கா குருவி' என்று தமிழிலும் மறுபடி எடுத்தனர். நம் இல்லங்களில் எத்தனை பேர் மூலப்படத்தைப் பார்த்திருக்கிறோம்?

"பரிசு பெற்றவர்கள் மேலைநாட்டார்க்கு அடிமைகள்" என்னும் கூற்றையும் சோதிப்போம். அப்பாஸ் கியாரொஸ்தமி 1997-இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றவர். 2002-இல் நியூயார்க் விழாவுக்குச் செல்ல அவருக்கு அமெரிக்க விசா கிடைக்கவில்லை. ஃபர்ஹாதிக்கு 2017-இல் இரண்டாம் முறை ஆஸ்கர் கிடைத்தது. அப்போது ஏழு முஸ்லிம் நாட்டு மக்கள் அமெரிக்காவுக்குள் நுழையத் தடை விதிக்கும் ஆணை வெளியாகியிருந்தது. அவர் விழாவுக்குச் செல்ல மறுத்துவிட்டார். ஆணையைக் கண்டித்து அவர் எழுதியனுப்பிய அறிக்கை மேடையில் வாசிக்கப்பட்டது. பரிசுக்காக முதுகு வளைப்பவர் இப்படிச் செய்வாரா? உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் மேடையில் தம் மக்களின் மானத்தை அவர் காத்தார். அதற்காக நம் கூட்டங்களில் ஒரு தீர்மானமாவது நிறைவேற்றியிருப்போமா?

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. தம் நாட்டு அரசின் தவறுகளை எடுத்துக்காட்டியதால் ஜஃபர் பனாஹி இன்னலுற்றார். 2010-இல் அவருக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனையும் இருபது ஆண்டுகள் படமெடுக்கத் தடையும் விதிக்கப்பட்டன. 2011 பெர்லின் விழாவில் நடுவராக அமர வேண்டிய அவருக்கென ஒரு நாற்காலி வெறுமையாகவே வைக்கப்பட்டிருந்தது. தடைக்குப் பின்னும் அவர் ஓயவில்லை. வாடகைக் காரோட்டியாகத் தாமே அமர்ந்து எடுத்த 'டாக்ஸி' 2015-இல் தங்கக் கரடியைப் பெற்றது. 2025-இல் கான் விழாவின் தங்கப்பனையும் அவரைத் தேடிச் சென்றது. இத்தகையோரைத்தான் 'வீட்டுக் குற்றத்தை வீதிக்குக் கொண்டுவந்தவர்' என்று நம்மவர் ஏசுகின்றனர்.

ஆட்சியாளரின் தவற்றைச் சுட்டுவது மார்க்கத்தைப் பழிப்பதாகுமா? கொடுங்கோலன் முன்னிலையில் உண்மை பேசுவதைப் பெருஞ்சிறப்பாகப் போற்றும் மரபு நம்முடையது. இமாம் அபூஹனீஃபா அவர்கள் நீதிபதிப் பதவியை மறுத்துச் சிறை புகுந்தார்கள். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் அவர்கள் கொள்கைக்காகக் கசையடி பட்டார்கள். அவர்களோடு திரைப்பட இயக்குநர்களை நான் ஒப்பிடவில்லை, அது தகாது. ஆனால் அந்த மரபில் வந்தவர்கள், அரசை எதிர்த்துப் பேசியவன் என்பதற்காகவே ஒருவனைச் சமுதாயத் துரோகி என்று முத்திரை குத்துவது நியாயமன்று என்றுதான் சொல்கிறேன்.

ஆப்பிரிக்காவுக்குச் செல்வோம். 2012-இல் மாலி நாட்டின் திம்புக்து நகரை ஆயுதக் குழுக்கள் கைப்பற்றின. நூற்றாண்டுகளாக ஏட்டுச் சுவடிகளைக் காத்துவந்த அறிஞர்களின் நகரம் அது. அந்நகரின் துயரத்தை மௌரிட்டானிய இயக்குநர் அப்துர்ரஹ்மான் ஸிஸாக்கோ படமாக்கினார். 'திம்புக்து' 2014-இல் கான் விழாப் போட்டியில் இடம்பெற்று, 2015-இல் பிரான்சின் ஸேஸார் விருதுகள் ஏழினைப் பெற்றது. செருப்புக் காலோடும் துப்பாக்கியோடும் பள்ளிவாசலுக்குள் நுழைந்தவர்களை அவ்வூர் இமாம் தடுத்து நிறுத்துகிறார். மார்க்கத்தின் பெயரால் அவர்கள் செய்யும் கொடுமைகளை மார்க்க அறிவைக் கொண்டே அவர் மறுக்கிறார். பந்து விளையாடத் தடை வந்தபின், சிறுவர்கள் பந்தே இல்லாமல் பந்தாடுகிறார்கள். வன்முறையாளன் வேறு, முஸ்லிம் வேறு என்று நாம் ஆயிரம் மேடைகளில் முழங்கியும் பலர் காதில் ஏறாத உண்மையை, அந்த இமாமின் அமைதியான குரல் ஏற்றிவிடுகிறது.

அண்மைய சான்று ஒன்று. 2024 ஜனவரி 29 அன்று காஸாவில், உறவினரின் பிணங்களுக்கிடையே காருக்குள் சிக்கிக்கொண்ட ஹிந்த் ரஜப் என்னும் ஐந்து வயதுச் சிறுமி, செம்பிறைச் சங்கத்தாரோடு தொலைபேசியில் மணிக்கணக்கில் பேசினாள். தன்னை வந்து அழைத்துச் செல்லும்படி மன்றாடினாள். அவளை மீட்கச் சென்ற ஆம்புலன்ஸ் ஊழியர் இருவரும் கொல்லப்பட்டனர். பன்னிரண்டு நாட்களுக்குப் பின் சிறுமியின் உடல் கிடைத்தது. அவளுடைய பதிவான குரலையே வைத்து துனீசிய இயக்குநர் கௌஸர் பின் ஹானியா எடுத்த படம் 2025-இல் வெனிஸ் விழாவில் நடுவர் பெரும்பரிசான வெள்ளிச் சிங்கத்தைப் பெற்றது. செய்தித்தாளில் எண்ணிக்கையாகக் கிடந்த மரணங்களுள் ஒன்று, அரங்கில் ஒரு குழந்தையின் குரலாக ஒலித்தது. இதுவும் வெள்ளைக்காரனை மகிழ்விக்க எடுத்த படந்தானா? வாய் திறந்து சொல்லட்டும்.

விழாக்களில் அரசியல் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. எந்த நாட்டுத் துயரத்துக்குக் கண்ணீர் விடுவது, எதற்குக் கண்ணை மூடிக்கொள்வது என்னும் கணக்குகள் அங்கும் உண்டு. அந்நியர் எதிர்பார்ப்பதையே பரிமாறிக் கைதட்டல் வாங்கும் படங்களும் உண்டு. முஸ்லிம் பெண் என்றாலே அழுதுகொண்டிருப்பவள், முஸ்லிம் தந்தை என்றாலே சாட்டையேந்தியவன் என்று காட்டும் சோம்பேறிக் கற்பனைகளை நானும் வெறுக்கிறேன். ஆனால் பதரும் நெல்லும் கலந்திருந்தால் புடைத்தெடுப்பதா, களத்தையே கொளுத்துவதா?

இங்கேதான் நம் முன்னோரை நினைக்க வேண்டும். ஒரு செய்தி தங்களிடம் வந்தால், அதைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், அவர் நேர்மையாளரா, நினைவாற்றல் உள்ளவரா என்று சங்கிலித் தொடராகச் சோதித்த பின்னரே ஏற்றவர்கள் ஹதீஸ் கலை மேதைகள். ஒரேயொரு செய்தியைச் சரிபார்க்க ஊர்விட்டு ஊர் நடந்தவர்கள் அவர்கள். சான்றாய்வை ஒரு கலையாகவே வளர்த்து உலகுக்கு அளித்த சமுதாயம், இன்று கைப்பேசியில் வந்த ஒருவரிச் செய்தியை நம்பி, காணாத படத்துக்குத் தீர்ப்பெழுதுகிறது. இமாம் புகாரீயின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அவர்களின் வழிமுறையைக் கைவிட்டுவிட்டோம்.

"பாரசீகம் நமக்கு அந்நியம், நமக்கெதற்கு?" என்பாரும் உளர். தமிழ் முஸ்லிம்களின் இலக்கிய வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவர் இவ்வாறு கூறார். கிஸ்ஸா, மஸாலா, முனாஜாத்து, நாமா என்று தமிழுக்கு நம் புலவர்கள் கொண்டுவந்த இலக்கிய வகைகள் அரபிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்தவை. 1572-இல் அரங்கேறிய 'ஆயிர மசலா'வே இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் பழமையானது. வினா விடையாக அமைந்தது. பாரசீகத்து வடிவத்தைத் தமிழாக்கிக்கொள்ள வண்ணப்பரிமளப் புலவர் கூசவில்லை. ஃபர்ஹாதியின் படமும் ஒரு மசலாதான். கணவனும் மனைவியும் நீதிபதியை நோக்கிப் பேசும் முதற்காட்சியில் நீதிபதியின் முகம் தெரிவதில்லை. அவர்கள் நம்மை நோக்கியே பேசுகிறார்கள். குற்றம் யாருடையது என்று வினவி, விடையை நம் மனச்சான்றிடம் விட்டுவிடுகிறது அப்படம். நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் திறந்து வைத்த கதவை நாம் ஏன் அடைக்க வேண்டும்?

இதனால் நமக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' படத்துக்கு நம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. தமிழக அரசு தடை விதித்தது. சில காட்சிகளை மாற்ற இசைவு ஏற்பட்ட பின் பிப்ரவரி 7 அன்று படம் வெளியாயிற்று. தன்னைத் தவறாகக் காட்டினால் எதிர்ப்புக் குரல் எழுப்பும் உரிமை எந்தச் சமுதாயத்துக்கும் உண்டு. ஆனால் "நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர்" என்று சொன்னவர்களிடம் "பின் எப்படிப்பட்டவர்கள்?" என்று அடுத்த வினா வருமே, அதற்கு என்ன விடை வைத்திருக்கிறோம்? பள்ளிவாசல் சர்க்கரையைத் தொடாத தந்தையைக் காட்டியிருக்கலாம். பொய்ச் சத்தியம் செய்யாத ராஸியாவைக் காட்டியிருக்கலாம். துப்பாக்கியைத் தடுத்த இமாமைக் காட்டியிருக்கலாம். கையில் இருந்த விடையை நாமே குப்பையில் எறிந்துவிட்டு, வெறுங்கையோடு வீதியில் நின்றோம்.

நம் பிள்ளைகளின் நிலை இதனினும் கவலைக்குரியது. முஸ்லிம் என்றால் வெடிகுண்டு வைப்பவன், அல்லது கதாநாயகனுக்கு உயிர் கொடுக்கும் நண்பன் என்று இரண்டே அச்சுகளில் வார்க்கும் வணிகப் படங்களைத்தான் அவர்கள் பார்த்து வளர்கிறார்கள். தம்மைப் போன்ற ஒரு சிறுவன் செருப்புக்காக அழுவதையும், தம் உம்மாவைப் போன்ற ஒரு பெண் அல்லாஹ்வுக்கு அஞ்சி நிற்பதையும் திரையில் அவர்கள் கண்டதே இல்லை. பிறர் வரைந்து கொடுத்த முகத்தையே தன் முகமென்று நம்பி வளரும் பிள்ளை ஒன்று வெட்கப்படும், அல்லது வெறி கொள்ளும். இரண்டையும் நாம் விரும்பவில்லையென்றால், வேறு முகங்களை அவர்களுக்குக் காட்டியாக வேண்டும்.

வழிகள் இல்லாமல் இல்லை. 1952-இல் நடந்த முதல் இந்திய உலகத் திரைப்பட விழாவே சென்னைக்கும் வந்தது. 2003-இல் தொடங்கிய சென்னை உலகத் திரைப்பட விழாவும், 1996-இல் தொடங்கிய கேரள விழாவும் நமக்கு எட்டும் தூரத்தில் உள்ளவை. சென்னைப் புதுக்கல்லூரி, திருச்சி ஜமால் முகமது கல்லூரி, பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி என்று நம் பெரியோர் உழைத்து உருவாக்கிய கல்விக்கூடங்களில் இத்தகைய படங்களைக் காட்டி மாணவர்களை விவாதிக்கச் செய்யலாம். நம் இதழ்கள் கவிதைக்கும் கதைக்கும் ஒதுக்கும் பக்கங்களில் இரண்டை இதற்கும் ஒதுக்கலாம். கலையறிந்த ஆலிம் ஒருவரும் மார்க்கமறிந்த கலைஞர் ஒருவரும் எதிரெதிரே அமர்ந்து வாதிடட்டும், இளைஞர்கள் கேட்கட்டும். வீட்டில் பெற்றோர் முதலில் பார்த்துத் தேர்ந்து, பின் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கட்டும். உடன்பாடில்லாத இடத்தில் படத்தை நிறுத்திக் காரணம் சொல்லட்டும். அக்காரணத்தைக் கேட்ட பிள்ளை, நாளை தானே தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்ளும்.

பார்த்த பிறகு ஒரு படத்தைக் கண்டியுங்கள். நானும் உங்களோடு சேர்ந்து கண்டிக்கிறேன். பார்த்த பிறகு இது நமக்கு வேண்டாம் என்று ஒதுக்குங்கள். அந்த உரிமையை மறுக்க எவருக்கும் அதிகாரமில்லை. பார்க்காமல் பழிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அறியாத ஒன்றின்மீது சத்தியம் செய்ய மறுத்தாள் ராஸியா. அவ்வாறே அறியாத ஒன்றின்மீது தீர்ப்புச் சொல்ல நாமும் அஞ்சுவோமாக.